தாண்டிக்குடி ரோட்டு ஜிப்ஸி

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் தாண்டி மலையேறினால் தடியன்குடிசை. அதற்கும் மேலே தாண்டிக்குடி. கொடைக்கானலுக்குப் போகும் கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. கீழ்ப்பழனி மலையின் இந்தச் சரிவுகளில் காபி, மிளகு, மலைவாழை இவைதான் பிழைப்பு. தார் ரோடு வரைக்கும் எந்த வண்டியும் வரும். அதிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்குப் போகும் மண்பாதைதான் வண்டியையும் ஓட்டுகிறவரையும் சோதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது, சக்கரம் ஓடும் இரண்டு தடங்களையும் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விடும். நடுவில் கல்லும் மண்ணுமாக ஒரு முதுகு மேடு நிற்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும், டிஃபரன்ஷியல் அந்த மேட்டில் போய் உட்காரும். நான்கு சக்கரமும் சுற்றும். வண்டி நகராது.

2012-ல் நான் வாங்கிய பழைய மாருதி ஜிப்ஸி, 2004-ல் பதிவான கிங் மாடல். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 80 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய ஒரு டன். ஜப்பானில் சுசுகி ஜிம்னி என்று ஓடிய வண்டியின் நீண்ட வடிவம்தான் இது. 1985 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பெரிய மாற்றம் இல்லாமல் இந்தியாவில் தயாரானது. ராணுவமும் வனத்துறையும் போலீசும் இதை நம்பின. முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங், பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். சொகுசு கிடையாது. ஆனால் எந்தப் பட்டறையிலும் இதைப் பிரித்து மாட்டலாம்.

எங்கள் வீட்டில் இருந்தது இந்த ஒரே வண்டிதான். காலையில் மகளை வத்தலக்குண்டில் பள்ளிக்கூடத்தில் விடுவதும், உரமூட்டை ஏற்றுவதும், தோட்டத்துக்கு ஏறுவதும், அம்மாவை மதுரையில் டாக்டரிடம் கூட்டிப்போவதும் இதில்தான். டயரையும் உயரத்தையும் பற்றி நான் எடுத்த ஒவ்வொரு முடிவும் இந்த நான்கு வேலைகளையும் கணக்கில் வைத்து எடுத்தது. போட்டிக்காக வண்டியைக் கட்டுகிறவர்கள் அதை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்களுடைய கணக்கு வேறு.

வத்தலக்குண்டில் ஜீப் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். மலைக்கு ஓடும் ஜீப்புகள் எல்லாம் அவர் கையில்தான். வண்டியைத் தூக்கித் தர வேண்டும் என்று நான் சொன்னதும், சாவியைக்கூட வாங்காமல் கேட்டார்: "தூக்குறது பெரிசில்ல தம்பி. எதைத் தூக்கணும்? பாடியையா, ஹவுசிங்கையா?"

எனக்குப் பாடம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸிஸும் பாடியும் உயரும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். பள்ளத்தின் நடு மேட்டில் முட்டுகிற டிஃபரன்ஷியல் ஹவுசிங் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. அதைத் தரையிலிருந்து உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அப்படியானால் ஸ்பிரிங் லிஃப்ட் எதற்கு? அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் மேலும் கீழும் ஆட இடம் கொடுப்பதற்கு. உயர்த்திய வண்டிகளைப் பார்த்து ஆசைப்படுகிற பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. உயரமான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, பழைய டயரிலேயே போய் அதே கல்லில் முட்டி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜிப்ஸியோடு வந்த டயர் 205/70 ஆர்15. இந்த எண்களைக் கொண்டே உயரத்தைக் கணக்கிடலாம். அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 143.5. மேலும் கீழும் சேர்த்து 287. நடுவில் 15 அங்குல ரிம், 381 மில்லிமீட்டர். மொத்தம் 668. நான் போட நினைத்த 235/75 ஆர்15-க்கு இதே கணக்கு 733 தாண்டும். வித்தியாசம் 65 மில்லிமீட்டர் சொச்சம். ஆக்ஸில் உயர்வது அதில் பாதிதான், சுமார் 33 மில்லிமீட்டர். இவ்வளவு செலவும் அந்த ஒன்றேகால் அங்குலத்துக்குத்தான். கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி 243 ஆனபோது, அதுவரை முட்டிய கல் முட்டாமல் கடந்து போனதை நான் பார்த்தேன்.

லிஃப்டுக்கு மூன்று வழிகளைச் சொன்னார் அண்ணன். ஷேக்கிளை நீளமாக்குவது செலவு குறைந்த வழி, ஆனால் ஆக்ஸிலின் கோணத்தைக் கெடுக்கும். ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை அதற்கு மேலே ஏற்றி மாட்டுவது இரண்டாவது. ஐந்து அங்குலத்துக்கு மேல் உயரம் கிடைக்கும். ஆனால் ஸ்டீயரிங் கம்பிகள், பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் திருத்த வேண்டும், வெல்டிங் இல்லாமல் நடக்காது. மூன்றாவது வழி, வளைவு கூடுதலாக உள்ள புதிய ஸ்பிரிங் செட். இரண்டு அங்குலம் கிடைக்கும். எதையும் வெட்ட வேண்டாம். வேண்டாமென்றால் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். சேஸிஸில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடக்கூடாது என்பது என் நிபந்தனை. பிற்பாடு அது பெரிய உதவியாக இருந்தது.

ஸ்பிரிங் செட்டை நாமக்கல்லில் செய்து வாங்கினோம். லாரித் தொழிலில் ஊறிய ஊர் அது. ஸ்பிரிங் வேலை தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. பழைய ஸ்பிரிங்கில் ஒரு பிளேட்டைக் கூட்டி உயர்த்துவது வழக்கமாக நடக்கிறது. அப்படிச் செய்தால் ஸ்பிரிங் விறைத்துவிடும். மூட்டை ஏற்றும்போது நன்றாக இருக்கும், காலி வண்டி குதிக்கும். பின் சீட்டில் பள்ளிப் பிள்ளை உட்காரும் வண்டிக்கு அது சரிப்படாது. அதனால் பிளேட்டின் எண்ணிக்கையைக் கூட்டாமல் வளைவை மட்டும் கூட்டச் சொன்னோம். அந்தப் பட்டறையில் வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிளேட்டைச் சிவக்கக் காய்ச்சி, அச்சில் வளைத்து, எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, மறுபடியும் குறைந்த சூட்டில் பதப்படுத்தினார்கள். கடினமாக்குவதோ இந்தக் கடைசிப் பதமோ தவறினால் எஃகு ஒன்று சீக்கிரம் ஒடியும், அல்லது சில மாதத்தில் தொய்ந்துபோகும். காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவைத்துத் தருகிறவர்களும் உண்டு. ஸ்பிரிங் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும்.

மாட்டும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. சரிபார்க்கும் வேலை அதைவிட நீண்டது. அண்ணன் ஒரு பக்கத்து முன்சக்கரத்தைக் கற்குவியலின் மேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பி, டயர் எங்கே உரசுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் முழுக்கத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்தார். இழுபட்டது. நீளமான ஹோஸ் மாற்றினோம். ஸ்பிரிங் முழுக்க அமுங்கினால் டயர் மட்கார்டில் போய் இடிக்காதபடி பம்ப் ஸ்டாப்பைக் கீழே இறக்கினோம். ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே எடுத்ததால் வண்டி திரும்பும் வட்டம் பெரிதானது. மலை ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் அது உடனே தெரிந்தது.

முதல் ஓட்டத்திலேயே ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. வீல் பேலன்ஸ் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் காரணத்தைச் சொன்னார். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் அது நேரே ஓடுகிறது. ஜிப்ஸியின் முன் ஆக்ஸிலுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். உயர்த்திய பிறகு ஆக்ஸில் சற்று முன்பக்கம் உருண்டு, அந்தச் சாய்வு குறைந்துவிட்டது. ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத்தில் ஒரு எஃகுத் துண்டைச் செருகி, யூ போல்ட்டை இறுக்கி, இழந்த சாய்வைத் திருப்பிக் கொடுத்தார். நடுக்கம் போய்விட்டது. நடுங்கும் வண்டிக்கு ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை மாட்டி அனுப்புவது சுலபம். அது நடுக்கத்தை மறைக்கும், அவ்வளவுதான். அந்தச் சுலபமான வழிக்குப் போகாத அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. டயர் பெரிதாகும்போது டிஸ்க்கும் டிரம்மும் பெரிதாவதில்லை. அதே பிரேக், நீளமான கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மிதிக்கும் அழுத்தம் அதேயாக இருந்தால், தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டயரின் எடையும் கூடுவதால், சுற்றும் சக்கரத்தை அடக்கவே கூடுதல் வேலை. இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் பிடிக்கும் பிடியும் அதே அளவுக்குத் தளர்கிறது. தாண்டிக்குடியிலிருந்து மூட்டையோடு இறங்கும்போது, முன்பு இரண்டில் இறங்கிய வளைவுகளுக்கு ஒன்றாம் கியர் தேவைப்பட்டது. முன்பக்கம் நல்ல பேட், பின்பக்கம் புது ஷூ, சிலிண்டர் எல்லாம் மாற்றிய பிறகுதான் அண்ணன் வண்டியை மலைக்கு விட்டார். "ஏற முடியலைன்னா அங்கயே நின்னுக்கலாம் தம்பி. எறங்கும்போது நிக்கலைன்னா என்ன செய்வீங்க?" என்றார்.

பிறகு தினசரி வாழ்க்கை. மீட்டர் அறுபது காட்டும்போது உண்மையான வேகம் அறுபத்தாறு. ஓடிய கிலோமீட்டரையும் மீட்டர் குறைத்தே எழுதியது. உண்மையில் நூறு ஓடினால் தொண்ணூற்றொன்று என்று காட்டும். லிட்டருக்குப் பதினொன்று கொடுத்த வண்டி ஒன்பதாகிவிட்டது என்று முதலில் தோன்றியது. மீட்டரின் கணக்கைத் திருத்திப் பார்த்தால் பத்துக்குப் பக்கத்தில் வந்தது. இழப்பு உண்மைதான், ஆனால் பாதி. ஆயில் மாற்றும் கணக்கையும் இதற்கேற்ப முன்கூட்டியே வைத்துக்கொண்டேன். மதுரை ரோட்டில் ஐந்தாம் கியர் பெயருக்குத்தான் இருந்தது. எதிர்காற்று அடித்தால் நான்குக்கு வந்துவிட வேண்டும். 1.3 லிட்டர் எஞ்சினிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அம்மாவுக்குத்தான் உண்மையான கஷ்டம். டயரால் 33, ஸ்பிரிங்கால் 50, மொத்தம் 83 மில்லிமீட்டர் மேலே போய்விட்டது தரைப்பலகை. மூட்டுவலிக்காரருக்கு மூன்றேகால் அங்குலம் என்பது மாடிப்படி ஒன்றில் பாதி உயரம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மதுரைக்குப் போக வேண்டிய நாளில் "பஸ்ஸுல போயிக்கிறேன்ப்பா" என்றார். அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனேன். இரும்பு ஆங்கிளில் அகலமான ஒரு படி செய்து, சேஸிஸில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே போல்ட் போட்டு மாட்டினோம். உள்ளே பிடித்து ஏற ஒரு கைப்பிடியும் வைத்தோம். வண்டியை உயர்த்த நினைக்கும் எவரும், முதலில் தன் வீட்டில் வயதானவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன்.

ஹெட்லைட்டும் உயர்ந்ததால் வெளிச்சம் எதிரே வருகிறவர்களின் கண்ணில் அடித்தது. இரவில், ஒரு சுவரின் முன்னால் நிறுத்தி வைத்து, திருகி இறக்கினோம். இதைச் செய்யாமல் மலை ரோட்டில் ஓட்டுவது மற்றவர்களின் உயிரோடு விளையாடுவது. கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் எடை கூடியதால் கீல் தளர்ந்தது, அதையும் பலப்படுத்தினோம். ஜிப்ஸியின் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1,300 மில்லிமீட்டர் அளவுதான், குறுகலான வண்டி. அதை 83 மில்லிமீட்டர் உயர்த்தினால் வளைவில் சாயும் சாய்வு மாறும். பள்ளிக்கூட நேரத்தில் அவசரமாக ஓட்டும் பழக்கத்தையே அது விடவைத்தது.

டயரின் காற்றைப் பற்றியும் கற்றுக்கொண்டேன். கனமான வண்டிகளுக்காகச் செய்த டயர் இது. டயரில் எழுதியிருக்கும் அழுத்தம் ஒரு டன் ஜிப்ஸிக்கு மிக அதிகம். டயரின் குறுக்கே சாக்பீஸால் ஒரு பட்டை கோடு போட்டு, நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. அப்படிப் பார்த்து, தார் ரோட்டுக்கு 26 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொண்டேன். மண்பாதை தொடங்கும் இடத்தில் 18-க்கு இறக்குவேன். டயர் பரந்து தரையைக் கவ்வும். திரும்பி வரும்போது பேட்டரியில் ஓடும் சின்ன பம்பால் ஏற்றிக்கொள்வேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், உள்நாட்டைக் கடந்து திண்டுக்கல் மாவட்டம் வழியாகவும் போனது. கடலோரம் பட்ட பாட்டை நாடே பார்த்தது. எங்கள் மலையிலும் மரங்கள் சாய்ந்தன, கரண்ட் போனது, ரோடு பல இடங்களில் அடைபட்டது. காபிப் பழம் சிவக்கத் தொடங்கியிருந்த நேரம். நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்கள் முறிந்து, மிளகுக் கொடியோடு காபிச் செடிகளின் மேல் விழுந்து கிடந்தன. மறுநாள் அரிவாளும் கயிறும் ரம்பமுமாக நான்கு பேர் ஜிப்ஸியில் ஏறினோம். மரத்தை வெட்டி ஒதுக்கி, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி வெட்டி என்று போனோம். மண்பாதையில் சேறு கணுக்காலுக்கு மேல். லோ ரேஞ்சில் இரண்டாம் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஏறினேன். நடு மேட்டை டிஃபரன்ஷியல் உரசாமல் தாண்டியது. மேலே தோட்டத்து வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருந்தன, சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அரிசி, பால் பவுடர், மெழுகுவர்த்தியை இறக்கிவிட்டு, காய்ச்சலில் கிடந்த ஒரு பாட்டியைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அந்த ஒன்றேகால் அங்குலம் அன்று தன் விலையைக் கொடுத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் காட்ட வேண்டும். அதே 2019 ஜனவரியில்தான், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்றது. ஆய்வுக்காகக் கழற்றி, பிறகு திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. விபத்து என்று ஒன்று வந்தால் இன்ஷூரன்ஸ் கேள்வி கேட்கும். வண்டியில் உட்காருவது என் மகளும் அம்மாவும். எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய ஸ்பிரிங்கை எடுத்து மாட்டினோம். எதையும் வெட்டாததால் ஒரு நாளில் வண்டி பழைய நிலைக்கு வந்துவிட்டது. டயரும் பழைய அளவுக்கே திரும்பியது. ஆனால் இம்முறை மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான, ஆழமான பட்டைகள் கொண்ட ஆல் டெரெய்ன் வகை.

அதன் பிறகுதான் ஒரே வண்டியை இரண்டு உயரத்திலும் ஒப்பிட முடிந்தது. உயரம் கொடுத்ததாக நான் நினைத்திருந்த பிடிப்பில் பெரும்பகுதி, டயரின் பட்டைகளும் 18 காற்றும் கொடுத்தது. சேற்றில் பழைய அளவு டயரும் அதே போல ஏறியது. நிற்க வைத்தது நடு மேடு ஒன்றுதான். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து, அந்த மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளி, கல் பாவி, தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வடிந்துபோகச் சின்ன வாய்க்கால்கள் வெட்டினோம். ஒரு லிஃப்ட் செட்டும் ஐந்து டயரும் வாங்கும் பணத்தைவிட அதற்கு ஆன என் பங்கு குறைவு. பலன் எல்லா வண்டிக்கும் கிடைத்தது, பால்காரரின் டி.வி.எஸ். உட்பட.

ஜிப்ஸியும் மஹிந்திரா தாரும் வைத்திருக்கும் தம்பிகள் இன்றும் என்னிடம் வந்து எத்தனை அங்குலம் தூக்கலாம் என்று கேட்கிறார்கள். தினமும் ஓடுகிற வண்டியென்றால், கம்பெனி கொடுத்த அளவிலேயே நல்ல பட்டை உள்ள டயரையும், ஒரு காற்று கேஜையும், ஒரு பம்பையும் முதலில் வாங்குங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், எது அனுமதிக்கப்பட்டது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுக்கொண்டு, அதற்குள் நில்லுங்கள். எந்த டயரை மாட்டினாலும் மாட்டிய அன்றைக்கே மலை இறங்காதீர்கள். மூட்டை ஏற்றி, ஆளில்லாத சமதரை ரோட்டில், நாற்பதிலிருந்தும் அறுபதிலிருந்தும் பிரேக் போட்டு வண்டி எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மலைக்குப் போங்கள்.